ஊர்க் குளத்தைச் சீரமைக்க எந்தப் பணத்தை எடுப்பது?

கிராம சபையில் கை தூக்கி, "குளத்தைச் சீரமைக்க வேண்டும்" என்று தீர்மானம் போடுவது எளிது. எந்தத் திட்டத்தின் கீழ் என்ற வரியை மட்டும் பெரும்பாலான ஊர்கள் ஊராட்சிச் செயலரிடம் விட்டுவிடுகின்றன. அவர் கையில் அந்தச் சமயம் எந்தத் தலைப்பில் பணம் இருக்கிறதோ அதை எழுதிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வரியிலேயே நிறைய முடிவாகிவிடுகிறது: மண்ணை வெட்டப்போவது ஊர்ப் பெண்களா பொக்லைனா, பாசனத் தண்ணீரைத் திறந்துவிடும் மடைக்கு சிமெண்ட் கிடைக்குமா கிடைக்காதா, வேலை முடிந்தபின் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்க ஊருக்கு உரிமை இருக்குமா இருக்காதா.

தமிழ்நாட்டில் ஒரு கிராம ஊராட்சி தன் குளத்துக்காக நாடக்கூடிய அரசுப் பணம் முக்கியமாக நான்கு வழிகளில் வருகிறது. நூறு நாள் வேலை, நிதிக்குழு மானியம், நமக்கு நாமே திட்டம், அப்புறம் எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதி. காசே இல்லாமல் நடக்கும் ஒரு வழியும் உண்டு. அதைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. எல்லாமே நல்ல வழிகள்தான் என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. எந்தப் பணத்தின் கணக்கை ஊர் மக்கள் நேருக்கு நேர் கேட்க முடியுமோ அதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். தொகை பெரிதா சிறிதா என்பதை அடுத்து பார்க்கலாம்.

பணத்தைத் தேடும் முன் குளம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு (குளத்துத் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறையின் ஏரி. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊருணி, குட்டை போன்றவை கிராம ஊராட்சியைச் சேர்ந்தவை. மாநிலத்தில் 39,000-க்கும் அதிகமான ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. அதில் பெரும்பகுதி ஒன்றியத்தின் கையில் இருக்கும் சிறிய ஏரிகள்தான். நீர்வளத் துறை ஏரியில் ஊராட்சி தன் பணத்தைப் போட்டு மதகு கட்டக் கிளம்பினால், அனுமதிக்கு அலைந்தே ஒரு கோடை போய்விடும். கூடவே வருவாய்த் துறைப் பதிவேட்டில் குளத்தின் பரப்பு எவ்வளவு, தரையில் இப்போது எவ்வளவு என்பதையும் பார்த்துவிட வேண்டும். கீழே சொல்லப்போகும் எந்தத் திட்டமும் ஆக்கிரமிப்பை எடுத்துத் தராது. அது 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், தாசில்தார், சர்வேயர் என்று போகிற தனி வேலை. அதை முடிக்காமல் கரையைப் பலப்படுத்தினால், சுருங்கிப்போன குளத்துக்கு அரசுச் செலவில் எல்லை கட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்து, குளத்துக்கு உண்மையில் என்ன குறை? எல்லோரும் தூர்வாருவதையே சொல்கிறார்கள். தண்ணீர் வராத குளத்தைத் தூர்வாரினால் ஆழமான காய்ந்த குழிதான் மிஞ்சும். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டிருக்கிறதா, கரை எங்கே இளைத்திருக்கிறது, மடையின் அடைப்புப் பலகை வேலை செய்கிறதா, மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கு உடைந்திருக்கிறதா, உள்ளே சீமைக் கருவேலம் எவ்வளவு மண்டிக் கிடக்கிறது என்று நடந்து பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் மண் எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், ஒவ்வொரு பணமும் குளத்தின் ஒவ்வொரு உறுப்புக்குத்தான் பொருந்தும். மண் வேலைக்கு உகந்த பணம் கல் வேலைக்கு ஆகாது.

நூறு நாள் வேலை

மண் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பணம் இருந்ததில்லை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் நீர் சேமிப்பையும் பழைய நீர்நிலைகளைப் புதுப்பிப்பதையும் தன் பணிப் பட்டியலிலேயே வைத்திருந்தது. கூலி முழுவதையும் ஒன்றிய அரசே ஏற்றது. பொருள் செலவில் முக்கால் பங்கையும் கொடுத்தது. காண்ட்ராக்டர் கூடாது. ஆள் வேலையைப் பறிக்கும் இயந்திரமும் கூடாது. பொக்லைன் நின்றாலே புகார் கொடுக்கலாம் என்கிற ஒரே திட்டம் அநேகமாக இதுதான்.

ஆனால் இதன் பெரிய பலம் வேறு. சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வேலையைக் கண்காணிப்பதும் சமூகத் தணிக்கை செய்வதும் கிராம சபையின் கடமை என்று எழுதிவைத்தது. வருகைப் பதிவேடு, அளவுப் புத்தகம், பில் எல்லாவற்றையும் மக்கள் முன்னால் வைத்துப் படித்தாக வேண்டும். நடைமுறையில் அது பல ஊர்களில் சடங்காகிப் போனது உண்மை. செத்தவர் பெயரில் வருகை, வராதவர் பெயரில் கூலி என்ற கதைகளும் உண்டு. ஆனால் அந்தக் கதைகள் நமக்குத் தெரியவந்ததே இந்தத் தணிக்கையாலும், பெயர் வாரியாக விவரம் இணையத்தில் கிடப்பதாலும்தான். மற்றத் திட்டங்களில் தவறு நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. யாரும் உரக்கப் படித்துக் காட்டுவதில்லை.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் பெண்கள். குளத்தில் எந்த மூலையில் தண்ணீர் முதலில் வற்றும், எந்தப் பக்கம் மாடு இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மதிப்பீடு போடும்போது மட்டும் அவர்களை யாரும் கேட்பதில்லை. ஓவர்சியர் வந்து நீளம், அகலம் அளந்து போனால் முடிந்தது.

குறைகளும் லேசுப்பட்டவை அல்ல. கூலிக்கும் பொருளுக்கும் 60-க்கு 40 என்ற விகிதம் இருப்பதால் கல், சிமெண்ட் வேலைக்கு அதிக இடம் கிடையாது. பொருள் பில் மாதக்கணக்கில் நிற்கும். கூலியும் நிற்கும்: 2025 தொடக்கத்தில் ஒன்றிய அரசிடமிருந்து 4,034 கோடி ரூபாய் வர வேண்டியிருக்கிறது என்று மாநில அரசு சொன்னது. கூலி வராத ஊரில் குளத்து வேலைக்கு யார் வருவார்கள்?

இப்போது இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. 100 நாள் 125 நாளாகிறது. செலவில் மாநிலம் 40 சதவீதம் ஏற்க வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள்வரை வேலையை நிறுத்திவைக்கலாம். பணிகளின் நான்கு தலைப்புகளில் நீர்ப் பாதுகாப்பும் ஒன்று என்பது குளத்துக்கு நல்ல செய்தி. மாநிலத்தின் பங்கு இவ்வளவு கூடும்போது வேலை கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்குமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆகவே இந்தப் பணத்தை மட்டும் நம்பித் திட்டம் போடாமல், மண் வேலைக்கு என்று ஒதுக்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நிதிக்குழு மானியம்

ஒன்றிய அரசின் வரிப் பணத்தை மாநிலங்களோடும் உள்ளாட்சிகளோடும் எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. அதன்படி ஊராட்சிக்கு உரிமையாக வரும் பணம் இது. யாரும் தயவு பண்ணித் தருவதில்லை. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் 60 சதவீதம் நிபந்தனையோடு வந்தது: பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கு. மீதி 40 சதவீதத்தைச் சம்பளம், நிர்வாகச் செலவு தவிர உள்ளூர்த் தேவைக்கு ஏற்றபடி செலவழிக்க முடிந்தது. குழு மாறும்போது விகிதமும் நிபந்தனையும் மாறும். ஆகவே தீர்மானம் எழுதும் ஆண்டில் நடப்பில் உள்ள ஆணையை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஊருணி, குடிநீர்க் கிணற்றுக்கு ஊற்றுக் கொடுக்கும் குளம் என்றால் நிபந்தனைப் பணத்திலேயே செய்யலாம். பாசன மடையைக் கட்டிவிட்டு மழைநீர் சேகரிப்பு என்று எழுதினால் பின்னால் தணிக்கையில் கேள்வி வரலாம். அதற்கு நிபந்தனையில்லாத மீதிப் பணம்தான் சரி. கலுங்கு, மடை, படித்துறை மாதிரி நூறு நாள் பணத்தில் அடங்காத கட்டுமானத்துக்கு நான் கை காட்டுவது இந்தப் பணத்தைத்தான்.

இது கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் வழியாகத்தான் செலவாக வேண்டும். அந்தத் திட்டம் கிராம சபையில் ஒப்புதல் பெற்று இணையத்தில் ஏறும். எந்த வேலைக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். சென்னையில் வேலை பார்க்கும் பையன் கைபேசியில் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டு, "தெருவிளக்குக்கு இவ்வளவு எழுதியிருக்காங்களே, புதுசா போட்டாங்களா?" என்று கேட்கும் அளவுக்கு வசதி. பார்க்கிறவர்கள்தான் குறைவு.

இதற்கு ஒரு பெரிய கண்டம் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருந்தால்தான் இந்த மானியம் வரும் என்பது நிதிக்குழுவின் நிபந்தனை. தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர், வார்டு உறுப்பினர் யாரும் இல்லாத காலத்தில் மக்கள் பங்கேற்பு என்று பேசுவதே சற்று வேடிக்கைதான். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதை ஊரில் அரசியல் செய்தியாகப் பார்க்கிறார்கள். அது குளத்து மடைக்கு வர வேண்டிய பணத்தைப் பற்றிய செய்தியும்கூட.

நமக்கு நாமே

பெயரைக் கேட்டால் இதுதான் மக்கள் திட்டம் என்று தோன்றும். 1997-98-இல் தொடங்கி, 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் ஓடி, 2021-22-இல் பழைய பெயருக்கே திரும்பியது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும் என்பது பொது விதி.

பத்து லட்ச ரூபாய் வேலை என்றால் ஊர் மூன்றே கால் லட்சத்துக்கு மேல் திரட்ட வேண்டும். வீட்டுக்கு ஐந்நூறு என்று தலைக்கட்டு வரி போட்டு வசூலித்தால் அது உண்மையிலேயே ஊர்ப் பணம். ஆனால் வழக்கமாக நடப்பது என்ன? கிரஷர் வைத்திருப்பவரோ, பக்கத்துத் தொழிற்சாலையோ, வெளிநாட்டில் சம்பாதிக்கும் குடும்பமோ மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள். பணம் கொடுத்தவர் சொல்கிற இடத்தில், சொல்கிற மாதிரி வேலை நடக்கிறது. கொடுக்க முடியாத தெரு வரிசையிலேயே நிற்பதில்லை. காலனிப் பக்கத்துக் குட்டை அப்படியே கிடக்க, பெரிய தெருக் குளத்துக்கு நடைபாதையும் பெஞ்சும் வருவதற்கு இந்த மூன்றில் ஒரு பங்கு விதி ஒரு காரணம்.

இதே கதை, ஊர் மக்களே ஏரியைப் பராமரிக்கும் பழைய வழக்கத்தின் பெயரில் வந்த குடிமராமத்துத் திட்டத்திலும் நடந்தது. 2017-இல் அந்தத் திட்டம் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளோடு தொடங்கியபோது எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. டெண்டர் இல்லை, ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமே வேலையைச் செய்யும், 10 சதவீதத்தைப் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ அவர்கள் கொடுப்பார்கள். காகிதத்தில் அருமையான ஏற்பாடு. பல இடங்களில் சங்கத்தின் பெயர் முன்னால் இருக்க, பின்னால் காண்ட்ராக்டர் நின்றார் என்ற புகார்கள் தொடர்ந்து வந்தன. அந்த 10 சதவீதத்தையும் அவரே போட்டுவிட்டால் விவசாயிக்கு அதில் என்ன பிடிமானம்? பழைய குடிமராமத்தைத் தங்கக் காலம் மாதிரி பேசுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். 1858-இலேயே சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்துதான் ஆங்கில ஆட்சி மக்களைக் கரைக்கு வரவழைக்கப் பார்த்தது. எல்லோரும் மனமுவந்து வந்திருந்தால் சட்டம் எதற்கு?

ஆகவே, பலரும் முதலில் எடுக்கச் சொல்லும் நமக்கு நாமே திட்டத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். ஒரு விதிவிலக்கு உண்டு. ஊரில் ஏற்கெனவே வரவு செலவு எழுதும் பழக்கமுள்ள சங்கம் இருக்கிறது, சிறு தொகைகளாகப் பல வீடுகளிலிருந்து பணம் வருகிறது என்றால் தைரியமாக இறங்கலாம். மதுரை வட்டாரத்தில் 1992 முதல் வயலகம் என்ற பெயரில் ஏரிப் பாசன விவசாயிகளைச் சங்கமாகச் சேர்க்கும் வேலை நடந்துவருகிறது. அப்படிச் சங்கம் முதலில் வந்து, பணம் அடுத்து வந்த ஊர்களின் நிலைமை வேறு.

எம்.எல்.ஏ., எம்.பி. நிதி

இதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்து முடிக்கும். அவரைப் பிடிக்க ஆள் இருந்தால் வேகமாக நடக்கும். கிராம சபைக்கு இதில் கேள்வி கேட்கும் இடம் அநேகமாக இல்லை. கல்வெட்டில் யார் பெயர் வரும் என்பதுதான் விவாதமாகும். உடைந்த கலுங்கை மழைக்கு முன் சரிசெய்தே ஆக வேண்டும் என்ற அவசரத்துக்கு இதைப் பயன்படுத்தலாம்.

காசில்லாத வழி

தூர்வாருவதற்கு அரசு பணம் கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்த மண் விவசாயிக்குத் தேவைப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். ஏரி, குளங்களிலிருந்து வண்டல் மண்ணை விவசாயிகளும் களிமண்ணை மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்று அளவும் வைத்திருக்கிறார்கள். 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம். முப்பது விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ஏக்கர் புஞ்சைக்கு எடுத்தால் 5,400 கன மீட்டர் மண் குளத்தைவிட்டு வெளியே போகும். அரசுக்கு ஒரு பைசா செலவில்லை, வயலுக்கு உரமும் ஆச்சு.

ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டல் என்று அனுமதி வாங்கி, அடியில் உள்ள கிராவலை இரவோடு இரவாக லாரியில் ஏற்றிவிடுவார்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழம், எந்த நேரம்வரை என்று பலகை எழுதிக் குளத்தங்கரையில் நட்டு, சீட்டுக் கொடுத்து டிராக்டரை எண்ண ஊரில் நாலு பேர் முன்வந்தால்தான் இந்த வழியில் இறங்கலாம். முடியாது என்றால் வேண்டாம். நூறு நாள் வேலையில் கொஞ்சமாக எடுத்தாலும் போதும்.

எதை எதோடு சேர்ப்பது?

ஒரே பணத்தில் முழுக் குளத்தையும் முடிக்க நினைப்பதுதான் பல ஊர்களில் வேலையைக் கெடுக்கிறது. ஒன்றியத்துக்கோ ஊராட்சிக்கோ சொந்தமான சிறு குளம் ஒன்றைக் கையில் கொடுத்தால் என் வரிசை இப்படி இருக்கும்: வரத்துக்காலையும் கரையையும் வேலை உறுதித் திட்டத்தில், மடையையும் கலுங்கையும் நிதிக்குழு மானியத்தில், குளத்துக்குள் இருக்கும் மண்ணை விவசாயிகள் கையில். வெளியூரிலிருந்து நன்கொடை தருகிறேன் என்று யாராவது வந்தால் அதைக் கட்டுமானத்தில் போடாமல், வங்கியில் வைப்பாகப் போட்டு வட்டியில் பராமரிக்கச் சொல்வேன். நீர்வளத் துறை ஏரி என்றால் இந்த வரிசை செல்லாது. அங்கே ஊர் செய்யக்கூடியது வரத்துக்கால் வேலையும் வண்டல் எடுப்பதும், துறையை விடாமல் நச்சரிப்பதும்தான்.

பராமரிப்பு என்று சொன்னதும் பலருக்கும் முகம் மாறிவிடுகிறது. மேலே சொன்ன திட்டங்களை நம்பி மூன்றாவது வருடம் மடைப் பலகையை மாற்றக் காத்திருக்க முடியாது. அதற்கு ஊராட்சியின் சொந்த வருமானம்தான் நம்பகமான வழி. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. 40 லட்சம் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டிவந்த மின் கட்டணத்தைச் சமாளிக்கத்தான் அந்த யோசனை. மிஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்றது. எல்லா ஊராட்சியாலும் காற்றாலை வாங்க முடியாது, சரி. ஆனால் 40 லட்சத்தைச் சேர்த்துவைத்த ஊராட்சிக்குத்தான் வங்கி கடன் கொடுத்தது என்பதை மற்ற ஊர்கள் கவனிப்பதில்லை. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணத்தை ஒழுங்காக வசூலித்தாலே குளத்துக்கு ஒரு தனித் தொகை எடுத்துவைக்கலாம். குளத்தின் மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலப் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, அதிலிருந்து மடைக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்று எத்தனை ஊரில் கேட்டிருக்கிறோம்?

தீர்மானத்தில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு வருகிறேன். குளத்தின் சர்வே எண், எந்த உறுப்புக்கு எந்தத் திட்டம், அளவுப் புத்தகத்தின் நகலை வேலை முடிந்தபின் வரும் முதல் கிராம சபையில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை, மீன்பாசி ஏலத்தில் பராமரிப்புக்கு எவ்வளவு பங்கு, வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்ப்பாய்ச்சிக்கு யார் கூலி கொடுப்பது. இவ்வளவும் தனித்தனி வரியாக இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உலகத் தண்ணீர் நாள் என்பதால் மார்ச் 22-இல் குளத்தைப் பற்றிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் வேலையைச் சேர்க்க அது மிகவும் பிந்திய தேதி. அக்டோபர் 2 கூட்டத்தில் எழுதினால்தான் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டின் பட்டியலில் ஏறும்; குளம் வறண்டு கிடக்கும் சித்திரை, வைகாசியில் மண் வேலை நடக்கும்; ஐப்பசி மழைக்கு முன்னால் மடை காய்ந்து இறுகியிருக்கும்.